சின்னப் பெட்டிக்குள் போன அறுபத்தைந்தாயிரம்

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது என் பிழைப்பு. காலையில் முகூர்த்தம் முடிந்தால், அன்று மாலை வரவேற்பிலேயே மேடைக்குப் பக்கத்துத் திரையில் நான்கு நிமிடப் படம் ஓட வேண்டும். தாலி கட்டும்போது அழுத பெண்ணின் அம்மா, மாலையில் அதைத் திரையில் பார்த்து இன்னொரு முறை அழுவார். அதற்குத்தான் காசு. மண்டபத்து மாடியில், மாப்பிள்ளை வீட்டார் பெட்டி படுக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை முடித்தாக வேண்டும். 2021-இல் வாங்கிய லேப்டாப்பில் மூன்று வருடம் ஓட்டினேன். ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் ஓடினாலே அது கொதித்துப்போய் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சரி, பையில் போட்டுத் தூக்கிப் போகிற மாதிரி சின்னதாக ஒரு டெஸ்க்டாப்பை நானே கட்டிவிடலாம், ராத்திரி கேம் ஆடவும் ஆகும் என்று 2024 ஏப்ரலில் இறங்கினேன். பட்ஜெட் இரண்டு லட்சம். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை இது. எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தப்பு, பெட்டியின் அழகில் மயங்கியது. பத்து லிட்டருக்கும் குறைவான கேபினட் ஒன்று, அலுமினியம், ஷூ டப்பாவை விடக் கொஞ்சம்தான் பெரிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்க வரியோடு 19,000 ரூபாய். அது வந்து சேரவே மே கடைசி ஆகிவிட்டது. அதற்குள் கை சும்மா இருக்குமா? சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று 66,500 கொடுத்து வாங்கி வைத்துவிட்டேன். மூன்று ஃபேன், பளபளவென்று விளக்கு. கேபினட் வந்த அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கார்டை உள்ளே வைத்துப் பார்த்தால், முன்பக்கத் தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கேலை எடுத்து அளந்தேன். கார்டு 33.6 சென்டிமீட்டர். கேபினட் ஏற்பது 30. தடிமனிலும் கார்டுக்கு மூன்று ஸ்லாட் இடம் வேண்டும், கேபினட்டில் இருப்பது இரண்டு. திருப்பிப் போட்டேன், சாய்த்துப் போட்டேன், ஒரு கட்டத்தில் தகட்டை அறுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் கடைக்குப் போனால், "சார், பாக்ஸ் பிரிச்சிட்டீங்க, கவரும் கிழிஞ்சிருக்கு. இனிமே இது செகண்ட்ஸ் கணக்குதான்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடைசியில் அதே சிப் உள்ள, இரண்டு ஃபேன் வைத்த குட்டிக் கார்டு ஒன்றைக் கொடுத்தார். அதன் விலை 61,000. மீதி 5,500 திரும்பி வரவில்லை.

சின்னப் பெட்டி கட்டுகிறவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கார்டின் நீளம், தடிமன், கார்டுக்கு மேலே பவர் கேபிள் வளைய வேண்டிய இடம், பிராசஸர் கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையின் வகை. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இப்போதைய கார்டுகள் பலவற்றில் வரும் அந்த 16 பின் கேபிளைச் செருகிய இடத்திலேயே மடக்கக் கூடாது. மூன்றரை சென்டிமீட்டராவது நேராகப் போனபிறகுதான் வளைய வேண்டும். கேபினட்டின் பக்கத் தகடு அதை அழுத்திக்கொண்டிருந்தால் நாளடைவில் இணைப்பு தளர்ந்து சூடேறும். எஸ்எம்பிஎஸ்ஸில் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு இந்தப் பெட்டிகளுக்குள் நுழையாது. எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகைதான் வேண்டும். அதிலேயே எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று இன்னொன்று உண்டு, அது மூன்று சென்டிமீட்டர் நீளம் கூடுதல். கடையில் இரண்டையும் "எஸ்எஃப்எக்ஸ்தான் சார்" என்றே சொல்வார்கள்.

மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ், அதாவது 17 சென்டிமீட்டருக்கு 17. ராமுக்கு இரண்டே ஸ்லாட், கார்டுக்கு ஒன்றே ஒன்று. அதனால் இப்போதைக்கு 32 ஜிபி போட்டுக்கொண்டு பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பிறகு கூட்டுவதென்றால் இருப்பதைக் கழற்றி விற்க வேண்டும். நான் 32 ஜிபி குச்சிகள் இரண்டை ஒரேயடியாக வாங்கியது ஒன்றுதான் அந்த மாதத்தில் செய்த புத்திசாலித்தனம். அதுவும் விளக்கு எரியாத, உயரம் குறைந்த குச்சிகள். உயரமான ராம் வாங்கியிருந்தால் படுக்கை வாட்டில் உட்காரும் கூலர் அதில் இடித்திருக்கும். இரண்டாவது எஸ்எஸ்டிக்கான ஸ்லாட் போர்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது என்பதை எல்லாம் மாட்டி முடித்தபிறகுதான் கவனித்தேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்.

ஜூன் முதல் ஞாயிறு, சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். ராத்திரி முழுக்க இதேதான். இரண்டு லட்சம் ரூபாயை மேசைமேல் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் தெரிகிற சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் தெரியுமா? வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். அங்கே இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கார்டைக் கழற்றி ஓரமாக வைத்தான், மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகினான், சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்போது படம் வந்திருந்தது. "அண்ணே, டிடிஆர்5 ராம், ஏஎம்5 போர்டு. முதல் தடவை ராமைப் பழக்கிக்க அதுக்கு டைம் வேணும். நீங்க பாதியிலயே அணைச்சு அணைச்சு போட்டிருக்கீங்க" என்றான். எத்தனை ஜிபி ராம் என்பதைப் பொறுத்துப் பல நிமிடங்கள்கூட ஆகுமாம். அப்புறம் போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், கார்டு ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென்3 என்று மாற்றினான். இந்த வகைக் கேபினட்டில் கார்டு மதர்போர்டுக்கு முதுகு காட்டி நிற்கும். இரண்டையும் இணைப்பது ரைசர் என்கிற பட்டைக் கேபிள். என் பெட்டியோடு வந்தது ஜென்3 ரைசர், கார்டும் போர்டும் ஜென்4. இரண்டும் நான்காம் வேகத்தில் பேச முயன்று, நடுவில் இருக்கிற கேபிள் தாங்காமல் திரை இருண்டுபோயிருக்கிறது. ஜென்3-க்கு இறக்கியதால் கேமில் வேகம் குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. கூலி 1,500. என் பிராசஸர் ரைசன் 7000 வரிசை, அந்த வரிசையின் பெரும்பாலான சிப்களில் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தது. அது இல்லாத சிப்பாக இருந்தால் இன்னொரு கார்டைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். இவ்வளவும் வீட்டிலேயே, காசில்லாமல் செய்திருக்கலாம்.

அடுத்தது என் அவசரத்துக்குக் கிடைத்த கூலி. பழைய ஃபுட்டேஜ் இருந்த 2 டிபி ஹார்டு டிஸ்க்கைப் புது மெஷினில் வெளியே வைத்தபடியே இணைத்துக் காப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த சாட்டா பவர் கேபிள் கைக்கு அகப்படவில்லை. டிராயரில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் கிடந்தது. முனை ஒரே மாதிரிதான், கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் ஊதுபத்தி கருகினாற்போல ஒரு நெடி, டிஸ்க்கின் பச்சைப் பலகையில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. கேபிளைக் கழற்றி மாட்டும் எஸ்எம்பிஎஸ்களில் டிஸ்க் பக்க முனைக்குத்தான் பொது அளவு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் வேறு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை விற்றால் கேபிளையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைக்காதீர்கள். டிஸ்க்கின் விலை ஐயாயிரம். அதிலிருந்த கல்யாணங்களுக்கு இன்னொரு காப்பி இருந்தது என் அதிர்ஷ்டம்.

இனி சூடு. பிராசஸர் என்று நான் வாங்கியது ரைசன் 9 7950எக்ஸ், 52,000 ரூபாய், 16 கோர். பெரியதாக வாங்கிவிட்டால் கவலை இல்லை என்ற நினைப்பு. அதன் மேல் நான் உட்கார வைத்தது 47 மில்லிமீட்டர் உயரக் கூலர், ஏனென்றால் அந்தப் பெட்டியில் அதற்கு மேல் இடமில்லை. அந்தச் சிப் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். சென்னை ஜூன் மாதம், ஃபேன் மட்டுமே ஓடுகிற அறை. ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழுப் படமாக்கும் வேலை, போட்ட அரை நிமிடத்தில் 95 டிகிரி. அந்த அளவுவரை ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், எரிந்துவிடாது. ஆனால் கூலர் போடுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து, "மிக்ஸி ஓடுதான்னு நெனச்சேன்" என்றாள். பயாஸில் எகோ மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் 65 வாட் என்று வைத்தால் சிப் 88 வாட்டைத் தாண்டாது. வைத்துப் பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆன ரெண்டர் பதின்மூன்று நிமிடம் ஆனது, சூடு எண்பதைத் தொடவில்லை, சத்தமும் அடங்கியது. சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. தொடக்கத்திலேயே 65 வாட் சிப்பாக வருகிற ரைசன் 9 7900, 12 கோர், அப்போது கிட்டத்தட்ட 15,000 ரூபாய் குறைவு. கடிவாளம் போட்டுத்தான் ஓட்டப் போகிறேன் என்றால் பந்தயக் குதிரையை எதற்கு வாங்கினேன்? கேமுக்கும் இத்தனை கோர் தேவையில்லை. கேம்தான் முக்கியம் என்பவர்கள் 8 கோர் 7800எக்ஸ்3டி பக்கம் போகலாம்.

ஆடி பிறந்தது. எங்களுக்கு அது கல்யாணமில்லாத மாதம். கார்டுக்கும் காற்றுக்கும் மூச்சுமுட்டுகிற அந்த அழகுப் பெட்டியை 9,000-க்கு ஒரு கல்லூரிப் பையனிடம் தள்ளிவிட்டு, 18 லிட்டர் அளவுள்ள கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினட் வாங்கினேன். இதில் ரைசர் வேண்டாம், கார்டு நேராகப் போர்டில் உட்காரும். பதினைந்து சென்டிமீட்டர் உயரமான டவர் கூலர் நிற்கும். 4,500 கொடுத்து வாங்கிய குட்டிக் கூலர் அலமாரிக்குப் போனது. இந்தப் பெட்டியில் 33 சென்டிமீட்டர் கார்டு போகும் என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்தபோது, ரிச்சி தெருவில் திருப்பிக் கொடுத்த கார்டு ஞாபகம் வந்தது. அதற்கும் ஆறு மில்லிமீட்டர் இடித்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வீட்டு மேசையைவிட்டு நகரப் போவதில்லை என்றால் மினி ஐடிஎக்ஸ் பக்கமே போகாதீர்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் அதற்கேற்ற ஒரு நடுத்தரப் பெட்டியும் பல ஆயிரம் குறைவு, பல போர்டுகளில் ராமுக்கும் நான்கு ஸ்லாட் கிடைக்கும். சின்னது அழகு என்பதற்காக மட்டும் கட்டுகிற பெட்டியின் சந்தோஷம் ஒரு மாதம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. பெரிய அடி ஆவணி முதல் முகூர்த்தத்தில் விழுந்தது. காரைக்குடியில் கல்யாணம், மூன்று கேமரா. ஒன்பதரை மணிக்கு ஃபுட்டேஜை ஏற்றி, மூன்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கி ஓடவிட்டேன். ஓடவில்லை. ஒரு ஃபிரேம், ஒரு நிறுத்தம், ஒரு ஃபிரேம். மேளம் மட்டும் கேட்கிறது, மாப்பிள்ளை கையில் தாலியோடு உறைந்து நிற்கிறார். கார்டின் பயன்பாட்டைப் பார்த்தால் சும்மா கிடக்கிறது, 16 கோரும் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் ஒற்றை கிளிப் போட்டுப் பார்த்தபோது சமாளித்துவிட்டதால் இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்த அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்து அதே கிளிப்களைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது! மூன்று வயது லேப்டாப்பில் ஓடுவது இரண்டு லட்சம் ரூபாய் மெஷினில் ஓடவில்லை. அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கடைசியில் எல்லாக் கிளிப்பையும் சின்னதாகச் சுருக்கி, எங்கள் பாஷையில் பிராக்ஸி, போட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். அதற்கே ஒன்றே முக்கால் மணி நேரம். ஏழு மணிக்கு ஓட வேண்டிய படம் எட்டு நாற்பதுக்கு ஓடியது. பந்தி பாதி முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பில்லில் நானே ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். என் கேமராக்கள் எச்.265 ஃபைலில், 10 பிட், 4:2:2 என்ற நிற அளவில் பதிகின்றன. சாதாரணமாகப் பார்க்கிற வீடியோ 4:2:0, அதைவிட இதில் நிறத் தகவல் இரு மடங்கு. எல்இடி விளக்கில் அரக்குப் பட்டின் நிறம் பிசகினால் பின்னால் சரிசெய்ய அது வேண்டும். இந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்ட சிப்பில் அதற்கென்று தனி உறுப்பு இருக்க வேண்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள்கிராபிக்ஸில் அது இருக்கிறது, குவிக் சிங்க் என்று பெயர். என் லேப்டாப் அந்தத் தலைமுறை. ரைசன் 7000-இலும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலும் 4:2:2-க்கு அது கிடையாது, 4:2:0 என்றால் ஜம்மென்று ஓடும். இது ரகசியமும் இல்லை. ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் கம்பெனியான என்விடியா தன் தளத்திலேயே எந்தக் கார்டு எதைப் பிரிக்கும் என்று அட்டவணை போட்டிருக்கிறது. புகெட் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி பிரீமியர், ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. நான் மாதக்கணக்கில் பார்த்ததெல்லாம் கேமில் எத்தனை ஃபிரேம், ரெண்டரில் எத்தனை விநாடி என்ற பட்டை வரைபடங்கள். என் கேமராவின் ஃபைல் என்ன என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. வீடியோ வேலைக்கு மெஷின் கட்டுகிறவர்கள் கேமராவின் மெனுவைத் திறந்து, அதில் எழுதியிருப்பதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு அதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் கடைக்கு ஒரு பென் டிரைவில் உங்கள் ஃபுட்டேஜைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ப்ளெண்டர் மாதிரி 3டி வேலை என்றால் கணக்கே வேறு. அங்கே கார்டின் நினைவகம் எத்தனை ஜிபி என்பதுதான் முதல் கேள்வி.

இன்டெலுக்கு மாறலாமா என்று யோசித்தேன். அந்தச் சமயம் அதன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் நிலைகுலைவுப் பிரச்சினை வெடித்து, 2024 ஆகஸ்டில்தான் திருத்தம் வெளியாகியிருந்தது. போர்டையும் மாற்ற வேண்டும். மனம் துணியவில்லை. பிராக்ஸியோடே எட்டு மாதம் ஓட்டினேன். 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 4:2:2 பிரிக்கும் உறுப்பைச் சேர்த்திருந்தார்கள். விலை கொஞ்சம் அடங்கியதும் 61,000 கார்டை 42,000-க்கு விற்றுவிட்டு, இரண்டு ஸ்லாட் தடிமனில் ஒரு 5070 வாங்கினேன். இந்த முறை ஸ்கேலோடு போனேன். அது 250 வாட், என் எஸ்எம்பிஎஸ் 750, தாராளம். இப்போது மூன்று கேமராவும் பிராக்ஸி இல்லாமல் ஓடுகின்றன.

புது மெஷினின் விலையைச் சேர்க்காமல், வீணாகப் போனதை மட்டும் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். பெட்டியில் 10,000, கார்டு மாற்றியதில் 5,500, சர்வீஸ் 1,500, டிஸ்க் 5,000, கூலர் 4,500, பிராசஸரில் 15,000, காரைக்குடியில் 5,000, இரண்டாம் கார்டில் 19,000. மொத்தம் 65,500. ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். என்னிடம் ஜிஎஸ்டி பதிவு இருப்பதால், இங்கே வாங்கிய பாகங்களுக்கெல்லாம் என் தொழில் பெயரில் பில் போட்டு 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொண்டேன். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்காதீர்கள். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லை என்றால் வாரன்ட்டி கேட்கும்போது வாயைத் திறக்க முடியாது.

மண்டபத்துக்குத் தூக்கிப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில் மெஷின் அணைந்தால் எடிட் போச்சு. அதனால் சின்னதாக ஒரு யூபிஎஸ் கூடவே இருக்கட்டும், முடிந்தவரை ப்யூர் சைன் வேவ் வகை. மலிவான யூபிஎஸ்களில் இந்தக் கால எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் முரண்டுபிடித்து அணைந்துவிடும். பயணத்தில் பெட்டியை நிற்க வைக்காமல், மதர்போர்டு தரையோடு தரையாக இருக்கும்படி படுக்கப் போடுங்கள். அப்போது கார்டு நட்டுக்குத்தலாக நிற்கும், பஸ் குலுக்கலில் அதன் எடை ஸ்லாட்டை ஒடிக்காது. தொலைதூரம் என்றால் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துப் போவதே நல்லது.

போன மாதம் மதுரை பஸ்ஸில் மடிக்குப் பக்கத்தில் இப்படிப் படுக்க வைத்திருந்தேன். கண்டக்டர் பையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, கிரைண்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.